பருவநிலைச் செய்தி எந்தப் பக்கத்தில் வருகிறது?

மலேசியாவில் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஊர் சுங்கை சிப்புட் உலகச் செய்தியானது 1948 ஜூன் 16 அன்று. அன்று காலை ஊருக்கு வெளியே இரண்டு தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார்களைச் சுட்டுக் கொன்றார்கள். இரண்டே நாளில், அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த மலாயா முழுவதும் அவசரகாலம் வந்துவிட்டது. அதற்கு முன்பே தோட்டங்களில் கூலிக்காக வேலைநிறுத்தங்கள் நடந்துகொண்டுதான் இருந்தன. லண்டனில் பேப்பர் படித்தவர்களில் எத்தனை பேர் அதைக் கவனித்திருப்பார்கள்? துப்பாக்கி வெடித்த பிறகுதான் ஊரின் பெயரே வெளியில் தெரிந்தது. செய்தித்தாளின் சுபாவம் அப்படி. அதற்கு ஒரு தேதி வேண்டும், ஓர் இடம் வேண்டும், நேற்று இல்லாதது இன்று நடந்திருக்க வேண்டும்.

பருவநிலை மாற்றத்தில் இந்த மூன்றும் கிடைப்பதில்லை. அது எல்லா இடத்திலும், எல்லா நாளும், கொஞ்சம் கொஞ்சமாக நடக்கிறது. அதனால் அதைச் செய்தியாக்க வேண்டுமென்றால் நடந்த ஏதாவது ஒன்றோடு ஒட்டவைத்தாக வேண்டும்: ஒரு வெள்ளம், ஒரு மாநாடு, ஓர் அமைச்சரின் பேச்சு. எதோடு ஒட்டுகிறார்கள், எந்தப் பக்கத்தில் போடுகிறார்கள், யாரைப் பேசவிடுகிறார்கள் என்பதைப் பொறுத்து நாம் புரிந்துகொள்வதும் மாறிவிடுகிறது. ஊடகத்தை ஆராய்பவர்கள் இதைச் சட்டகம் என்பார்கள். ஒரு விஷயத்தில் எந்தப் பகுதியைச் சட்டத்துக்குள் காட்டுகிறோம், எதை வெளியே விடுகிறோம் என்பதுதான் அது. பெயர் கொஞ்சம் கனமாக இருந்தாலும் விஷயம் எளிதுதான்.

முதலில் அடிப்படையை ஒரு வரியில் முடித்துவிடலாம். இன்று காலை மழை, ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டப் போக முடியவில்லை என்றால் அது வானிலை. ஓர் ஊரில் முப்பது ஆண்டு மழையையும் வெயிலையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் வருவது பருவநிலை. ஒரு நாள் வெயிலை வைத்துப் பருவநிலை மாறிவிட்டது என்று சொல்ல முடியாது. ஒரு நாள் குளிரை வைத்து மாறவில்லை என்றும் சொல்ல முடியாது.

அடுத்து, செய்திகளில் அடிக்கடி வரும் அந்த ஒன்றரை டிகிரி. தொழிற்சாலைகள் பெருகுவதற்கு முன், அதாவது 1850 முதல் 1900 வரை இருந்த சராசரியைவிட 2024-இல் உலக வெப்பநிலை சுமார் 1.55 டிகிரி கூடுதலாக இருந்தது என்று உலக வானிலை அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. நம் ஊரில் விடியற்காலைக்கும் மதியத்துக்குமே பத்து டிகிரி வித்தியாசம் இருக்கும். அப்புறம் ஒன்றரை டிகிரிக்கு எதற்கு இவ்வளவு சத்தம் என்று யாருக்கும் தோன்றும். செய்தி அதோடு நின்றுவிடுவதுதான் சிக்கல். அது பூமி முழுவதற்கும், கடலும் நிலமும் சேர்த்து, இரவும் பகலும் சேர்த்து, ஒரு வருடத்துக்கு எடுத்த சராசரி. கடைசிப் பனியுகம் உச்சத்தில் இருந்தபோது இதே சராசரி, தொழிற்சாலைக் காலத்துக்கு முன்பிருந்ததைவிடச் சுமார் 6 டிகிரிதான் குறைவு. அப்போது வட அமெரிக்காவின் பெரும்பகுதி கிலோமீட்டர் கனப் பனிக்கு அடியில் கிடந்தது. இந்த இரண்டு வாக்கியங்களைச் சேர்த்துப் போட்டிருந்தால் ஒன்றரை டிகிரி சின்னதாகத் தெரியாது.

சரி, நம் நாளிதழுக்கு வருவோம். பருவநிலை என்ற சொல்லோடு வரும் செய்தி பெரும்பாலும் உலகப் பக்கத்தில் இருக்கும். உருகும் பனிப்பாறை, ஐ.நா. மாநாடு, ஐரோப்பாவில் காட்டுத்தீ. உள்ளூர்ப் பக்கத்தில் கால்வாய் உடைந்து வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது இருக்கும். வெயிலால் பள்ளிக்கூடத்தில் திடல் நடவடிக்கைகளை நிறுத்திவைத்தது இருக்கும். வர்த்தகப் பக்கத்தில் செம்பனை எண்ணெய் விலை இருக்கும். இந்த மூன்று பக்கங்களையும் இணைக்கும் ஒரு வரி எங்கும் இருக்காது. தோட்டப்புற வாசகர் பருவநிலை மாற்றத்தை யாரோ எங்கோ பேசிக்கொள்ளும் விஷயமாக நினைப்பதில் ஆச்சரியம் இல்லை. அவருடைய வாழ்க்கையைத் தொடும் பகுதி அந்தப் பெயரோடு அவரிடம் வந்து சேர்வதே இல்லை.

சட்டகம் எப்படி வேலை செய்கிறது என்பதற்குச் செம்பனையைவிட நல்ல உதாரணம் நமக்குக் கிடைக்காது. செம்பனைத் தோட்டம் விரிவதால் காடு அழிகிறது, ஆகவே அதிலிருந்து எடுக்கும் உயிரி எரிபொருளை 2030-க்குள் தன் புதுப்பிக்கத்தக்க எரிசக்திக் கணக்கிலிருந்து படிப்படியாக நீக்குவது என்று ஐரோப்பிய ஒன்றியம் முடிவு செய்தது. இது பாரபட்சம் என்று மலேசியா 2021-இல் உலக வர்த்தக அமைப்பிடம் போனது. நடுவர் குழுவின் அறிக்கை 2024 மார்ச் 5 அன்று வெளியானது. பருவநிலையையும் காட்டையும் காரணம் காட்டி இப்படி ஒரு கட்டுப்பாடு கொண்டுவர ஐரோப்பாவுக்கு இடமுண்டு என்பது பெரும்பாலும் அதன் முடிவு. ஆனால் அந்த விதிகளைத் தயாரித்த விதத்திலும் நடைமுறைப்படுத்திய விதத்திலும் குறைகள் இருக்கின்றன, பாரபட்சம் இருக்கிறது என்றும் அது சொன்னது.

வெளிநாட்டுச் செய்திகளில் இது ஐரோப்பாவின் வெற்றியாக வந்தது. இங்கே, நம் நியாயம் நிரூபிக்கப்பட்டது என்ற அமைச்சரின் கருத்து முன்னால் நின்றது. இரண்டு பக்கமும் பொய் சொல்லவில்லை. ஒரே அறிக்கையில் ஆளுக்கு ஒரு பாதியை எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஐரோப்பிய வாசகருக்குச் செம்பனை என்றால் காடு, ஒராங் ஊத்தான், கரிமம். நமக்கு அது ஏற்றுமதி, வேலை, நாட்டின் மானம். அங்கே பேசப்படாதவர் ஐந்து ஏக்கரில் குலை வெட்டி வங்கிக் கடன் கட்டும் சிறுதோட்டக்காரர். இங்கே பேசப்படாதது காட்டையும் சதுப்பு நிலத்தையும் அழித்து நட்டபோது காற்றில் கலந்த, பூமியைச் சூடாக்கும் கரியமில வாயு. இது வர்த்தகச் சண்டை என்ற சட்டகத்துக்குள் வந்துவிட்டதால், பருவநிலை என்ற கேள்வியே நம் பக்கத்தில் எழவில்லை. என் பார்வையில், ஒரு தோட்டத் தொழிலாளியின் பிள்ளைக்கு இந்த இரண்டு பாதியும் தெரிய வேண்டும். நாளைக்கு விலை விழுந்தாலும் வெயில் ஏறினாலும் முதலில் அடிபடுவது அந்த வீடுதான்.

அதே செம்பனையில் இன்னொரு கதை இருக்கிறது. அது மெதுவாக நடப்பதால் யாரும் எழுதுவதில்லை. செம்பனையில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனிக் கொத்தாக வரும். குலை தருவது பெண் பூ மட்டும். கொத்து ஆணாக வருமா பெண்ணாக வருமா என்பது குலை வெட்டுவதற்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே மரத்துக்குள் தீர்மானமாகிவிடுகிறது. அந்த நேரத்தில் வறட்சி வந்தால் ஆண் பூக்கள் கூடிவிடும். மிகக் கடுமையான வறட்சி என்றால் வளர்ந்துகொண்டிருக்கும் கொத்துகளும் கருகிப்போகும். ஆகவே இன்றைய வறட்சியின் சேதம் ஆறு மாதத்திலிருந்து இரண்டு ஆண்டுகள் வரை தள்ளித் தள்ளி வரும். 2015-16 எல் நினோ வறட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 2015-இல் ஏறக்குறைய 2 கோடி டன்னாக இருந்த நாட்டின் கச்சா செம்பனை எண்ணெய் உற்பத்தி 2016-இல் சுமார் 1.73 கோடி டன்னாக இறங்கியது. குலை குறைந்தால் குலைக்கணக்கில் கூலி வாங்குபவரின் சம்பளமும் குறையும். வறட்சி வந்தபோது அது வானிலைச் செய்தி. விளைச்சல் குறைந்தபோது அது சந்தைச் செய்தி. நடுவில் இருந்த மாதங்களில் மரத்துக்குள் நடந்தது எந்தப் பக்கத்திலும் வரவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எல் நினோ என்பது பசிபிக் கடல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சூடாவதால் வரும் இயற்கைச் சுழற்சி. அதுவே பருவநிலை மாற்றம் ஆகிவிடாது. ஏற்கெனவே சூடான உலகத்தின்மேல் அது வந்து உட்காரும்போது வெயிலும் வறட்சியும் கூடுதலாகத் தாக்குகின்றன. இந்த இரண்டையும் ஒரே வாக்கியத்தில் குழப்பிப்போடும் செய்திகள் நிறைய. பெர்லிஸ் மாநிலம் சுப்பிங்கில் பதிவான 40.1 டிகிரிதான் இன்றும் நம் நாட்டின் உச்சம். அது 1998 ஏப்ரல் 9-இல், ஒரு பெரிய எல் நினோ காலத்தில் பதிவானது. அப்போதே அவ்வளவு வெயில் இருந்ததே, இப்போது என்ன புதிது என்று கேட்பவர்கள் இந்த எண்ணைத்தான் காட்டுவார்கள். ஓர் உச்சத்தைப் பார்த்தால் போதாது, ஆண்டு ஆண்டாக வந்த வெப்பநிலை வரிசையைப் பார்க்க வேண்டும் என்று பதில் சொல்லும் செய்தியை அபூர்வமாகத்தான் பார்க்க முடிகிறது.

வெள்ளத்திலும் இதே கேள்வி எழும். தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னிடம் கேட்டார்: "தம்பி, 1967-லயும்தான் பேராக்ல பெரிய வெள்ளம் வந்துச்சு. அப்ப எந்தக் கார்பன்?" நியாயமான கேள்வி. வெள்ளம் எப்போதும் வந்தது. இப்போது எவ்வளவு அடிக்கடி வருகிறது, ஒரே மழையில் எவ்வளவு கொட்டுகிறது என்பதுதான் மாறுகிறது. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 விழுக்காடு அதிக நீராவியைத் தாங்கும். தாங்கியது ஒரு நாள் கீழே வந்துதானே ஆக வேண்டும்? இதை அவரிடம் சொன்னபோது, "அப்ப அதை எழுத வேண்டியதுதானே" என்றார். நான் பத்திரிகைக்காரன் இல்லை, ஆனாலும் எனக்குப் பதில் இல்லை.

2021 டிசம்பர் வெள்ளம் நினைவிருக்கும். சிலாங்கூரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா என்ற குடியிருப்பு கூரை வரை மூழ்கியது. நாடு முழுவதும் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த வெள்ளக் காலத்தின் இழப்பு 610 கோடி ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை பிறகு கணக்குச் சொன்னது. ஒரு மாதத்துக்குப் பெய்ய வேண்டிய மழை ஒரே நாளில் பெய்துவிட்டது, இது நூறாண்டுக்கு ஒருமுறை நடப்பது என்று சுற்றுச்சூழல், நீர் அமைச்சின் உயர் அதிகாரி விளக்கம் தந்தார். எல்லா மொழி ஏடுகளும் அதை அப்படியே போட்டன. படித்தவர்கள் பலர், நல்லது, இனி நம் பேரப்பிள்ளைகள் காலத்தில்தான் என்று எடுத்துக்கொண்டார்கள். கணக்கு அப்படி இல்லை. நூறாண்டுக்கு ஒருமுறை என்றால் ஒவ்வோர் ஆண்டும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு. சென்ற ஆண்டு வந்ததால் இந்த ஆண்டு வராது என்று அர்த்தம் இல்லை. முப்பது ஆண்டு வீட்டுக்கடன் போட்டு ஒரு தாமானில் வீடு வாங்கினால், கடன் முடிவதற்குள் அப்படி ஒரு வெள்ளத்தைப் பார்க்கும் வாய்ப்பு சுமார் 26 விழுக்காடு, அதாவது நாலில் ஒன்று. அதுவும் பழைய மழைப் பதிவுகளை வைத்துப் போட்ட கணக்கு. மழையின் போக்கே மாறினால் அந்த நூறு சீக்கிரமே ஐம்பதாகவோ முப்பதாகவோ சுருங்கலாம்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. எந்த வெள்ளம் வந்தாலும் பருவநிலை மாற்றம் என்று ஒரே வரியில் முடித்துவிடும் செய்தியை நான் இன்னும் அதிகமாகச் சந்தேகப்படுவேன். மலைச்சரிவை வெட்டி வீட்டுமனை போட்டது யார்? கால்வாயை அடைத்துக் கடை கட்ட அனுமதி கொடுத்தது யார்? எல்லாவற்றையும் வானத்தின் தலையில் போட்டுவிட்டால் பூமியில் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. மழை கூடியதும் உண்மை, கால்வாய் தூர்ந்ததும் உண்மை. இரண்டையும் எழுதுவதுதான் செய்தி.

ஒரு குறிப்பிட்ட வெயிலிலோ மழையிலோ பருவநிலை மாற்றத்தின் பங்கு எவ்வளவு என்று கண்டுபிடிக்க இப்போது ஒரு முறை இருக்கிறது. வளிமண்டலத்தில் கரியமில வாயு கூடாத ஓர் உலகத்தைக் கணினியில் உருவாக்கி, அதே வெயில் அங்கே எத்தனை தடவை வரும் என்று எண்ணி, இன்றைய உலகத்தோடு ஒப்பிடுவார்கள். வேர்ல்ட் வெதர் அட்ரிபியூஷன் என்ற விஞ்ஞானிகள் குழு இதற்குப் பெயர்பெற்றது. 2023 ஏப்ரலில் தெற்காசியாவையும் தென்கிழக்காசியாவையும் வாட்டிய வெப்ப அலையை ஆராய்ந்து, இந்தியாவிலும் வங்காளதேசத்திலும் அதற்கான வாய்ப்பைப் பருவநிலை மாற்றம் குறைந்தது 30 மடங்கு கூட்டியிருக்கிறது என்றார்கள். இந்த மாதிரி முடிவுகள் பெரும்பாலும் நிகழ்வு நடந்து சில வாரம் கழித்துத்தான் வரும். அதற்குள் முதல் பக்கம் வேறு கதைக்குப் போய்விட்டிருக்கும்.

மேற்கு நாடுகளில் இன்னொரு வகைச் சிக்கல் இருந்தது. செய்தி என்றால் இரண்டு தரப்பையும் கேட்க வேண்டும் என்பது பத்திரிகை தர்மம். அரசியலுக்கு அது சரி. விஞ்ஞானத்தில் ஒரு பக்கம் அறிவியலாளர்கள் ஏறக்குறைய முழுப் பேரும், மறு பக்கம் ஒரு கைப்பிடி ஆட்களும் நிற்கும்போது இருவருக்கும் சமமாக இடம் கொடுத்தால், விஷயம் இன்னும் முடிவாகவில்லை என்ற எண்ணம் வாசகருக்கு வந்துவிடும். மேக்ஸ்வெல் பாய்காஃப், ஜூல்ஸ் பாய்காஃப் என்ற இருவர் 1988 முதல் 2002 வரை நான்கு பெரிய அமெரிக்க நாளிதழ்களில் வந்த 636 கட்டுரைகளைப் படித்துப் பார்த்து, 2004-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மனிதரே காரணம் என்பதற்கும், இல்லை இயற்கைதான் என்பதற்கும் ஏறக்குறைய சமமான இடம் கொடுத்தவை அவற்றில் பாதிக்கும் சற்று அதிகம். பிரிட்டனில் 2017-இல் பிபிசி வானொலியின் காலை நிகழ்ச்சியில் முன்னாள் நிதியமைச்சர் நைஜல் லாசன், கடந்த பத்தாண்டில் உலக வெப்பநிலை சற்றுக் குறைந்திருக்கிறது என்று தவறாகச் சொன்னார். பேட்டி எடுத்தவர் அதை மறுத்துக் கேட்கவில்லை. மறு ஆண்டு ஒளிபரப்புக் கட்டுப்பாட்டு அமைப்பான ஆஃப்காம் அது விதிமீறல் என்றது. இந்த விஷயத்தில் சமநிலைக்காக மறுப்பாளர் ஒருவரைக் கூப்பிட வேண்டியதில்லை என்று பிபிசி தன் செய்தியாளர்களுக்கு எழுதியும் அனுப்பியது.

நம் ஊர் ஏடுகளில் அந்த வியாதி அவ்வளவாக இல்லை. இங்கே மறுப்பாளரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இங்கே இருப்பது ஒரே குரல். அமைச்சர் சொன்னார், இயக்குநர் சொன்னார், ஒய்.பி. (மக்கள் பிரதிநிதி) சொன்னார். வெப்ப எச்சரிக்கையையே பாருங்கள். ஒரு வட்டாரத்தில் உச்ச வெப்பநிலை தொடர்ந்து மூன்று நாள் 35 முதல் 37 டிகிரி வரை இருந்தால் வானிலை ஆய்வுத் துறை முதல் நிலை எச்சரிக்கை விடும். 37-ஐத் தாண்டினால் இரண்டாம் நிலை, 40-ஐத் தாண்டினால் மூன்றாம் நிலை. செய்தியில் மாவட்டங்களின் பட்டியல் வரும், நிறைய தண்ணீர் குடியுங்கள் என்ற அறிவுரை வரும். அந்த மூன்று நாளும் பதினொரு மணி வெயிலில் குலை வெட்டிய ஆள் ஒருவரிடம், எத்தனை மணிக்கு வேலையை நிறுத்தினீர்கள், சம்பளம் எவ்வளவு பிடித்தார்கள் என்று கேட்ட செய்தியை நான் படித்ததில்லை. இப்போது அந்த ஆள் பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தோ வங்காளதேசத்திலிருந்தோ வந்தவர் என்பதால் தமிழ் ஏட்டுக்கு அவர் இன்னும் தூரமாகிவிட்டார்.

படங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பருவநிலை என்றால் பனிக்கரடி. வெயில் என்றால் குளத்தில் குதிக்கும் பிள்ளைகள். வெள்ளம் என்றால் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டு அரிசி மூட்டை கொடுக்கும் தலைவர். இனி பனிக்கரடியைக் குறைத்து மனிதர்களைக் காட்டுவோம் என்று கார்டியன் நாளிதழ் 2019-இல் வெளிப்படையாகவே அறிவித்தது. பூட்ஸ் போட்ட தலைவரைக் குறைப்பதாக இதுவரை யாரும் அறிவிக்கவில்லை.

எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டும் பழக்கமும் இருக்கிறது. ஓசோன் ஓட்டை, நெகிழிப் பை, புகைமூட்டம் எல்லாம் பருவநிலை மாற்றம் என்ற தலைப்பின் கீழ் வந்துவிடும். 2013 ஜூன் 23-இல் ஜொகூர் மாநிலம் மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746-ஐத் தொட்டபோது மூச்சுத் திணறியது உடனடி ஆபத்து. அதற்குக் காரணம் சதுப்பு நிலத் தீயின் புகை. அதே தீ வெளியேற்றிய கரியமில வாயு வேறு கணக்கு. அதன் பலன் பல பத்தாண்டுகளுக்கு நீளும். ஒரே தீதான் என்றாலும் இரண்டும் வேறு விஷயம்.

இன்னொன்று, பொறுப்பு யாருடையது என்பது. விளக்கை அணையுங்கள், துணிப்பை எடுத்துப் போங்கள் என்று முடியும் கட்டுரைகள் ஏராளம். தவறில்லை. ஆனால் தனிமனிதர் தன் கரிமத் தடத்தை, அதாவது தன்னால் எவ்வளவு கரியமில வாயு வெளியாகிறது என்பதை, தானே கணக்கிட்டுப் பார்க்கும் கருவியை 2004-இல் விளம்பரப்படுத்திப் பரப்பியது பிபி என்ற எண்ணெய் நிறுவனம். அதைத் தெரிந்துகொண்டு படித்தால் அந்தக் கட்டுரைகளின் கடைசிப் பத்தி வேறு மாதிரி தெரியும். ஆக விரைவாக 2050-லேயே நிகரச் சுழிய உமிழ்வை, அதாவது வெளியிடும் வாயுவும் உறிஞ்சப்படும் வாயுவும் சமமாகும் நிலையை, எட்டுவோம் என்று மலேசிய அரசு 2021-இல் அறிவித்தது. நம் வீட்டு விளக்கைப் பற்றிக் கேட்பதுபோல அந்த வாக்குறுதியையும் ஆண்டுதோறும் யாராவது கேட்டு எழுத வேண்டும்.

இதையெல்லாம் நாளிதழ்களைத் திட்டுவதற்காகச் சொல்லவில்லை. நான்கைந்து பேரை வைத்துக்கொண்டு தினமும் பக்கங்களை நிரப்புவது எவ்வளவு சிரமம் என்று தெரியும். உலகச் செய்தி நிறுவனங்கள் அனுப்புவதை மொழிபெயர்த்துப் போடத்தான் நேரம் இருக்கும். ஆனால் மாவட்ட நிருபர் எப்படியும் வெள்ளம் பார்க்க வரப்போகிறார். அவர் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று இருக்கிறது, அதற்கு விஞ்ஞானம் படித்திருக்க வேண்டியதில்லை. வடிகால், நீர்ப்பாசனத் துறைக்கு நகர்ப்புற மழைநீரை எப்படிக் கையாள்வது என்று 2000-இல் வந்த ஒரு கையேடு உண்டு. 2012-இல் அதைத் திருத்தினார்கள். எந்தக் கால்வாய் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும் மழையைத் தாங்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. நம் தாமான்களில் பல அந்தக் கையேட்டுக்கு முந்தியவை. தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களின் கால்வாய்கள் அதற்கும் முந்தியவை. "இந்தக் கால்வாயை எவ்வளவு மழைக்குக் கட்டினீர்கள், நேற்று எவ்வளவு பெய்தது?" என்று அதிகாரியிடம் கேட்டு, இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் போதும். நிருபர் கேட்க மறந்தால் வாசகர் கடிதத்தில் நாமே கேட்கலாம், தாமானின் பெயரையும் வெள்ளம் வந்த தேதியையும் சேர்த்து.